முனை குடித்த தண்ணீர்

நான் முனைக்குக் கொடுக்க வேண்டிய கடன் அறுபத்திரண்டாயிரத்து நானூறு ரூபாய். எங்கள் தீவின் வடக்கு முனையைச் சட்டம் ஓர் ஆளாக்கிப் பேசக் குரலும் கொடுத்திருந்தது. அங்கே இடிந்து கிடக்கும் ஒல்லாந்தர் கோட்டையில் கல் எடுத்து நான் அடுப்படி கட்டினேன். அதற்கு முனை போட்ட தண்டம் அது. தண்டத்தைக் கட்டாவிட்டால் தீவை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

கோடையில் முனையின் காட்டுக்குதிரைகள் எங்கள் தொட்டிக்கு வரும். வேலையால் வந்த களைப்போடு நான்தான் அவற்றுக்குத் தண்ணீர் இறைப்பேன். நேற்று அவை குடித்துக்கொண்டிருக்கையில் மனைவி றெஜினா முனைக்குப் போன் எடுத்தாள்.

“முனையார், இந்தக் குதிரையள் உங்கட தானே?”

“ஓம் பிள்ளை, என்ரதான்.”

“அப்ப இவர் இறைக்கிற கூலியை ஆர் தாறது? நீங்களும் எங்களை மாதிரி ஒரு ஆள்தானே?”

கடல் இரைச்சலுக்கு நடுவே முனை கேட்டது.

“எத்தினை வருசமா இறைக்கிறார்?”

“நான் கலியாணம் கட்டி வர முந்தியே.”

“என்னட்டைக் காசில்லை பிள்ளை. நான் அந்தத் தண்டத்தை விடுறன், நீங்கள் கூலியை விடுங்கோ.”

“இனி இறைக்கிறதுக்கு?”

“அடுப்படிக்கு இன்னும் கல் வேணுமோ?”

“அடுப்படிக்குப் பின்னால ஒரு சுவர் குறையுது” என்றாள் றெஜினா.

கடன் அத்தோடு தீர்ந்தது.