அரைக்கால் சட்டை

ஜீன்ஸைத் தொடை வரை ஏற்றுவதற்குள் முதுகு நனைந்துவிட்டது.

வெளியே தூறல். காற்று இல்லை. மின்விசிறி அறையின் புழுக்கத்தைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பியது.

இடது பக்கம் துணி சிக்கி நின்றது. அந்தக் கணுக்கால் மடங்காது. முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். உலர்ந்த ஜீன்ஸை மாட்டுவதே பாடு. நனைந்துவிட்டால் கழற்றுவது பெரும்பாடு.

விபத்துக்குப் பிறகு அவன் முழுக்கால் சட்டை இல்லாமல் வாசல் தாண்டியதில்லை.

போன் அதிர்ந்தது. ஜெசிந்தாவின் குரல் பதிவு.

"வாகீ, நான் வந்துட்டேன். கிரவுண்டு ஃபுல்லா சேறு. வேர்த்து ஊத்துது, மழையும் பெய்யுது. ஜீன்ஸ் கீன்ஸ் போட்டு வந்துராத, செத்துருவ. ஷார்ட்ஸ் போட்டுட்டு வா. சீக்கிரம்!"

அவள் குரலுக்குப் பின்னால் யாரோ டிரம்ஸைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாகீசன் கட்டிலில் உட்கார்ந்தான்.

இந்தத் திறந்தவெளி இசைவிழாவுக்கு இரண்டு டிக்கெட்டுகளையும் எடுத்தவள் அவள்தான். மாடியில் அவளுடைய அலுவலகம், கீழ்த்தளத்தில் அவனுடையது. டீக்கடையில் தொடங்கிய பழக்கம். எங்கேயாவது சேர்ந்து போவது இதுதான் முதல் தடவை.

ஏன் ஒரு மாதிரி நடக்கிறாய் என்று ஒருநாள் கேட்டாள். பைக்கிலிருந்து விழுந்தேன் என்றான்.

பொய் இல்லை.

மீதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'காய்ச்சல். வர முடியல' என்று தட்டினான்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். அழித்தான்.

ஜீன்ஸை உருவிப் போட்டான். பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய அரைக்கால் சட்டையை இழுத்தான். காக்கி நிறம். இடுப்பு இறுக்கியது. மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டான்.

கண்ணாடிப் பக்கம் போகவில்லை.

ஆட்டோவில் சாரல் இரண்டு கால்களிலும் அடித்தது. ஒன்றில்தான் ஈரம் உறைத்தது.

திடலின் வாசலில் அவள் நின்றிருந்தாள். முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தாள். அவனைப் பார்த்ததும் கையை உயர்த்தினாள்.

கை பாதியில் நின்றது.

அவன் நடையை நிறுத்தவில்லை.

அவள் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் காலை.

"தண்ணி படலாமா இதுல?"

"படலாம். கழுவிட்டாப் போதும்."

"சொல்லிருக்கலாம்ல."

"ம்."

"சரி வா. முன்னாடி போயிரலாம், இங்க ஒண்ணும் தெரியாது."

மழை வலுத்தது. ஒருவரும் ஒதுங்கவில்லை. வழிவது வியர்வையா மழையா என்று தெரியவில்லை. மேடையிலிருந்து வந்த அதிர்வு நெஞ்சுக்கூட்டில் இறங்கியது. சேறு தெறித்தது. முன்வரிசை குதித்தது, அவர்களும் குதித்தார்கள்.

ஒருமுறை அவள் வந்து இறங்கியது அவன் பாதத்தின் மேல்.

"ஐயையோ! வலிச்சுதா?"

"பயங்கரமா." முகத்தைச் சுளித்தான்.

அவள் பதறிக் குனிந்தாள்.

இடது கால்.

நிமிர்ந்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் முன்கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள்.

"இது?"

"ஆ! இது நெஜமாவே வலிக்குது."

"வலிக்கட்டும்."

அடுத்த பாட்டு தொடங்கியது. கிள்ளிய கையை அவள் எடுக்கவில்லை.