வகுப்பிலேயே குறைவு

முதுகலை கார்பன் மேலாண்மை வகுப்பில், அவரவர் வீட்டு மின்சாரத்துக்குக் கார்பன் கணக்குப் போட்டார்கள். வகுப்பிலேயே குறைவு அவளுடையது. அதிகம், அவள் வீட்டுக்குக் கீழேயே தனியாகக் குடியிருக்கும் தோழியுடையது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

மாலை, கணவனோடு ஏசியில் உட்கார்ந்தபடி தோழிக்குப் போன் செய்தாள்.

"ஏசி போட்டும் எங்களுக்குக் கம்மிதான். நீ எதையோ அணைக்க மறந்துடறே."

"ஒரே ஒரு ஃபேன்தான்டி ஓடுது."

"மெயின் சுவிட்சை அணைச்சுட்டு மீட்டரைப் பாரு."

"அணைச்சாச்சு. மீட்டர் நின்னுடுச்சு."

மாடியில் லைட் எரிந்தது. ஏசி மட்டும் நின்றது.

அவள் கணவனைப் பார்த்தாள். ஏசிக்கு வயர் இழுத்தது அவன்தான். அவன் தரையைப் பார்த்தான்.

"என்னடி, மெயினை மறுபடி போடவா?"

எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"போடாத. நான் கீழ வரேன்."