மணியின் நாக்கு

“திருப்புங்க சார்! நீங்க படிக்கிறது என் நாவலே இல்ல!” என்று செண்பகவல்லி கத்த, “அப்புறம் எதுக்கும்மா கொண்டாந்தீங்க?” என்று பதிப்பாசிரியரும் குரலை உயர்த்தினார். எழுத்தாளர் மாநாட்டில் அவரைப் பார்க்க ஆளுக்கு ஐந்து நிமிடம்தான். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் செண்பகம், வீணான நகல்களின் பின்பக்கத்தில் ஆறு வருடமாக எழுதிய நாவல் அது. அவரோ முன்பக்கத்தில் இருந்த யாருடையதோ பட்டா மாறுதல் மனுவை மூன்று நிமிடம் உன்னிப்பாகப் படித்துவிட்டு, “கதாநாயகன் ரொம்பக் கெஞ்சுறான்” என்று கருத்தும் சொல்லியிருந்தார். துணைக்கு என்று சொல்லிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போன எங்கள் தெருப் பெண்கள் நால்வருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் தாளைத் திருப்பினார். இரண்டு பக்கம் படித்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நேரம் முடிந்தால் மணியடிக்க வேண்டியவர் தனுஷ்கோடி என்ற தொண்டர். மணியைத் தூக்கியவர், அதன் நாக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். “அடிங்க தம்பி!” என்று வரிசை கூச்சல் போட்டது. “ஆட்டிட்டுதான் இருக்கேன், சத்தம் வரலையே” என்றார் மனுஷன், கூசாமல். பதிப்பாசிரியர் பதினோராம் பக்கத்தில் இருந்தார்.

அந்தப் பிடியைப் பார்த்த நாங்கள் தெருவில் சொல்லாமல் இருப்போமா? அது கல்யாணப் பேச்சாகி, தை மாதம் செண்பகம் தனுஷ்கோடியைக் கட்டிக்கொண்டு திருச்சிக்குக் குடிபோனாள். கல்யாணத்துக்குப் பதிப்பாசிரியர் ஒரு தடித்த உறையோடு வந்திருந்தார். எட்டிப் பார்த்தோம். புத்தகமாகப் போகும் நாவலின் பிழைதிருத்தப் பிரதி, ஒரு பக்கம் அச்சில் அவள் கதை, பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை. மணமேடையில் அவள் முதலில் திருப்பிப் பார்த்தது பின்பக்கத்தைத்தான்.