கிழியாத காகிதம்

வேலை கிடைத்தால்தான் அடுத்த மாதம் கல்யாணம் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். அவனுக்கு இது ஏழாவது இன்டர்வியூ.

ஃபோர்மேன் மெஷின் மேடையில் ஒரு காகிதத்தை மடித்து வைத்தார். "டூலை இறக்கு. காகிதத்தைத் தொடணும், கிழிக்கக் கூடாது. முன்னாடி வந்த நாலு பேரும் ஓட்டை போட்டுட்டானுங்க."

அவன் டூலை நகர்த்தும் சர்வோ மோட்டாரை மிகச் சிறிய நகர்வுக்கு மாற்றி, கைச்சக்கரத்தை ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பினான். ஒரு கிளிக்குக்குத் தலைமுடியின் பருமன்கூட டூல் இறங்கவில்லை. பரீட்சை அவனுக்கு, வேர்த்துக் கொட்டியதோ ஃபோர்மேனுக்கு.

டூல் தொட்டது. காகிதம் கிழியவில்லை.

"வேலை உனக்குத்தான் தம்பி." ஃபோர்மேன் டூலைத் தூக்கிவிட்டு, காகிதத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரா சார்?"

"என் லீவ் லெட்டர்ப்பா. மாத்து ஆள் கிடைச்சாதான் லீவுன்னு மேனேஜர் சொல்லிட்டார். கிழியக் கிழிய எழுதி, இது அஞ்சாவது. மூணு வருஷமா என் கல்யாணம் தள்ளிப்போகுது."

வாசலை நோக்கி நடந்தவரின் பின்னால் அவன் ஓடினான். "சார், எனக்கு அடுத்த மாசம் கல்யாணம்."

வாசலைத் தாண்டிவிட்ட ஃபோர்மேன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"லெட்டரை எழுதி டூலுக்குக் கீழ வை. எவனாவது வருவான்."