கடைசி வெட்டு

“நட்டு மறுபடியும் தேஞ்சிருக்கு முதலாளி. வெண்கலம் கொடுத்தீங்கன்னா வேற போட்டுடலாம். இந்தத் தடவை கொஞ்சம் பெரிய துண்டா வேணும்.”

லேத்தின் முன்னால் கடைசல்காரன் குனிந்த தலை நிமிராமல் சொன்னான். முதலாளிக்குச் சுருக்கென்றது.

“போன மாசம்தானே மாத்தின?”

“ஆமாங்க.”

“அதுக்குள்ள தேஞ்சிடுச்சா? அது நட்டா, சோப்பா?”

அவன் இரும்புச் சீவலைக் கூட்டித் தள்ளினான். பத்து கேட்டால் ஒன்று சொல்கிற ஆள் அவன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த லேத் முதலாளியின் தாத்தா வாங்கிப் போட்டது. உளியை நகர்த்தும் திருகில் ஒரு வெண்கல நட்டு உண்டு. அதன் மரை தேய்ந்தால் கைப்பிடி சும்மா சுற்றும், அளவு தப்பும். எந்தக் கடையிலும் அந்தப் பழைய மரைக்கு நட்டு கிடையாது. செய்துதான் போட வேண்டும். செய்யத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். அங்கேதான் முதலாளிக்கு இடித்தது.

செல்போனைத் தள்ளிப் பிடித்து, பம்ப் கம்பெனி அனுப்பிய மெசேஜை மறுபடி படித்தார். ‘போன தடவையும் பம்ப் தண்டு அளவு குறைவு. இனி இப்படி வந்தால் வேறு பட்டறை பார்த்துக்கொள்கிறோம்.’ அந்த ஒரு கம்பெனியை நம்பித்தான் பட்டறையே ஓடுகிறது.

தன் பக்கம் குறை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. இந்த வயதிலும் ஒவ்வொரு பீஸையும் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கடைசி வெட்டு அவர் கையால்தான். அப்பா காலத்து வழக்கம். ஆனால் திருகே ஆடினால் அவர்தான் என்ன செய்வார்?

போன மாதம் கொடுத்த வெண்கலம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும், நட்டை மாற்றியே இருக்கமாட்டான் என்று முடிவு கட்டினார். ருசி கண்ட பூனை, இப்போது பெரிய துண்டாகக் கேட்கிறது.

மறுநாள் அவனை இரும்பு எடுத்துவர அனுப்பிவிட்டு, பெரிய ஆலையில் ஃபிட்டராக இருக்கும் மச்சினனை வரவழைத்தார். அவன் கழற்றிப் பார்த்தான்.

“நட்டு புத்தம் புதுசு மாமா. துளி ஆட்டம் இல்ல. யார் வெட்டின மரை இது? கண்ணுல ஒத்திக்கலாம்.”

முதலாளி ஒரு நொடி குழம்பினார். அப்படியென்றால் திருடவில்லை. வேலையைக் கெடுத்துவிட்டு மிஷின்மேல் பழி போடுகிறான். திருட்டே தேவலை என்றிருந்தது அவருக்கு.

மச்சினன் நட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கும்போதே கடைசல்காரன் வந்தான். பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“நட்டு கல்லு மாதிரி இருக்கு. எதுக்குடா பொய் சொன்ன? எனக்கென்ன மரை கழண்டு போச்சுன்னு நெனச்சியா?”

அவன் கொண்டுவந்த இரும்பை இறக்கி வைத்தான்.

“நாளையிலேருந்து வராதே.”

“இருங்க மாமா,” என்றான் மச்சினன். “ஒரு பீஸ் போட்டுப் பார்ப்போம். அளவு எங்க போகுதுன்னு தெரிஞ்சிடும்.”

கடைசல்காரன் கடைந்தான். மச்சினன் அளந்தான். கடைசி வெட்டுக்கு விட்ட மிச்சம் இம்மி பிசகாமல் இருந்தது.

“தள்ளு.” முதலாளி கைப்பிடியைப் பிடித்தார். கைப்பிடியை ஒட்டி அளவுக்கோடுகள் போட்ட டயல்மேல் குனிந்தார், கொஞ்சம் பின்னால் போனார், மறுபடி குனிந்தார். வெட்டினார்.

மச்சினன் ஒருமுறை அளந்தான். நம்பாமல் இன்னொரு முறை அளந்தான்.

“அளவு குறையுது மாமா. டயல்ல ஒரு கோடு தாண்டிட்டீங்க.”

“தாண்டலையே, கோட்டுலதானே...” என்று மறுபடி பார்த்தார். கோடுகள் ஒன்றோடு ஒன்று கலங்கித் தெரிந்தன. லைட்டைப் பார்த்தார். லைட் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அவமானத்தில் அவருக்கு முகம் சுட்டது. கைப்பிடியை விட்டார்.

“அப்ப, அந்த வெண்கலம் எதுக்குக் கேட்ட?”

கடைசல்காரன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

“டயலைப் பெரிசா, கோடெல்லாம் தள்ளித் தள்ளிக் கடைஞ்சு போட்டுடலாம்னு இருந்தேன் முதலாளி. நட்டு மாத்தும்போது அதையும் மாத்திட்டேன்னு சொன்னா, உங்க கண்ணைப் பத்தின பேச்சே வராதுல்ல.”