மேற்குப் பக்கத் திரை

"மேடம், கடல் கிழக்கால இருக்கு. புயலும் அங்கிருந்துதான் வரும். நீங்க மோட்டார் திரையை மேற்கே போடச் சொல்றீங்க. அங்க பக்கத்து வீட்டு மாடிதானே இருக்கு?" என்றான் பெர்கோலாவுக்கு அளவெடுக்க வந்தவன்.

ராயபுரத்து மொட்டைமாடியில் கிறிஸ்டினா இடுப்பில் கை வைத்து நின்றாள். "எனக்குப் புயல் அந்தாண்டயிருந்துதான் வருது. நீ போடு நைனா."

"கிழக்குப் பக்கம்?"

"தொறந்தே கெடக்கட்டும்."

"இவளாண்ட வாய் குடுக்காதப்பா" என்று சொல்லிவிட்டுக் கணவன் டெரிக் கீழே இறங்கிப் போனான்.

இரும்புப் பந்தலாகப் பெர்கோலா எழுந்தது. மேற்கே திரை இறங்கியது. அன்றிலிருந்து அவள் அதை ஏற்றவேயில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. முதல் காற்றுக்கே கரண்ட் போனது. கொடியில் கிடந்த துணியை அள்ள மாடிக்கு ஓடினாள். பக்கத்து மாடியிலிருந்த வீட்டின் தகரக்கூரை பிய்த்துக்கொண்டு பறந்தது. திரைக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது.

பட்டனை அமுக்கினாள். மோட்டார் அசையவில்லை.

"புயலுக்கு எழும்பாத சனியன், இன்னாத்துக்கு நீ!" என்று கத்தியவள், மீன் வெட்டும் கத்தியை எடுத்து வந்து திரையை மேலிருந்து கீழாகக் கிழித்தாள்.

இடுப்புயரச் சுவருக்கு அந்தப் பக்கம், குழந்தையை மாரோடு அணைத்தபடி அவளுடைய கூடப்பிறந்த அக்கா ஷைனி நனைந்து நின்றாள்.

"சர்ச்சு பூசையில நான் சமாதானம் சொல்றப்போ மூஞ்சியத் திருப்பிக்கினு போனியே, இப்ப இன்னா மரமாட்டம் நிக்கிற? புள்ளைய இப்டி குடு. நீயும் ஏறி வா. மிச்சச் சண்டைய நம்ம வூட்டுல வச்சிக்கலாம்!"