வெறுங்கொக்கியின் எடை

ஹெலிகாப்டரில் தொங்கிய சுமை காற்றில் ஆடி, எங்களோடு வேலை செய்த பெல்மிரோவை ஆல்ப்ஸ் பள்ளத்தில் தள்ளியது. உடல் கிடைக்கவில்லை. பனி விழுவதற்குள் முடிக்கவேண்டும் என்று, அலுத்த உடம்போடு மறுநாளும் மலைமேல் கட்டுமானத்துக்குக் கான்கிரீட் ஏற்றினோம்.

அன்றிலிருந்து, மேலே கொட்டிவிட்டு வெறுங்கொக்கியோடு திரும்பும்போதெல்லாம் ஹெலிகாப்டரின் எடைமானி எண்பத்திரண்டு கிலோ காட்டுவதாக விமானி ரேட்டோ ரேடியோவில் சொன்னார்.

"அந்த மானியை மாத்துங்க சார்," என்றேன்.

"மாத்தியும் பாத்தாச்சுப்பா. பெல்மிரோ எத்தனை கிலோ இருப்பான்?"

"சம்பள நாள்ல குடிச்ச பீரையும் சேத்து எண்பத்திரண்டு."

ரேட்டோ சிரிக்கவில்லை. கடைசி நாள், கொக்கியை வழக்கம்போல் தரையில் போடாமல், ஆளை இறக்குவதுபோல் மெதுவாக இறக்கினார்.

"இப்போ பூஜ்யம்," என்றார்.

தினமும் வேலியோரம் நிற்கும் பெல்மிரோவின் மனைவி சுல்மிரா, கொக்கியருகே வந்து, "வாய்யா, சூப்பு ஆறுது" என்றாள். தோளில் யாரையோ தாங்கியவள்போல் ஒருபக்கம் சாய்ந்து, நின்று நின்று வீட்டுக்கு நடந்தாள்.